நாற்பத்திரண்டாவது குழி

எங்கள் தெருவில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். ஒன்பது புதுக் கார் வாங்கியிருக்கிறார், பதினாலுக்கும் பதினைந்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை, முப்பத்தொன்று வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்றுதான் பேசிக்கொள்வார்கள். நான் இருபத்திமூன்று. குடிவந்த இரண்டு வருடத்தில் என் சொந்தப் பெயரை ஒரே ஒருவர்தான் கேட்டார். கூரியர் கொண்டுவந்தவர். அவருக்கும் கையெழுத்து வேண்டியிருந்தது.

வரைபடம் போடுவது என் தொழில். இருபத்தைந்து வருடம் ஓர் அலுவலகத்தில் போட்டேன், இந்த இரண்டு வருடமாக வீட்டு முன்னறையில் உட்கார்ந்து போடுகிறேன். இந்தக் குடியிருப்பின் ப்ளானைப் போட்டதும் நான்தான். முப்பத்தாறு வீடு, நேராக ஒரு தெரு, இரண்டு பக்கமும் மரம். அதில் ஒரு வீட்டை நாங்களே வாங்கினோம். சமையல்காரன் தன் சமையலைத் தானே சாப்பிடுவது மாதிரி, குறை சொல்ல வழியில்லை. வீட்டைப் பதிவு செய்தபோது நாங்கள் இரண்டு பேர். சாவி வாங்கப் போனபோது நான் மட்டும். நடுவில் நான்கு மாதத்தில் என் மனைவி போய்விட்டாள்.

பேச்சுத்துணைக்கு எனக்கு இருந்தவர் தோட்டக்காரர் ஒருவர்தான். தெரு மரங்களை இரண்டு வருடம் பராமரிக்க பில்டர் வைத்த ஆள், என் வயதுதான் இருக்கும். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் தொடங்குவார். என் வாசல் மரத்துக்கு வரும்போது ஏழே முக்கால். அதற்குள் நான் சட்டை மாற்றிக்கொண்டு, இரண்டு டம்ளர் டீயோடு கேட்டருகே தற்செயலாக நிற்பது போல நிற்பேன். இரண்டு டம்ளரோடு எந்த மனுஷன் தற்செயலாக நிற்பான் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் பேச்செல்லாம் மரம்தான். மரம் உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்ட வேண்டும், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. தன் வீட்டு வாசல் மரத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் டீ ஆறிப்போகும். அதுவும் இந்தத் தெருவுக்கு வந்த கன்றுதானாம். கன்று நாற்பத்திரண்டு வந்ததாம், வெட்டியிருந்த குழி நாற்பத்தொன்றுதானாம். மிச்சம் ஒன்று தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் பையிலேயே மூன்று மாதம் கிடந்து வாடியது. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போய் நட்டார். இங்கே மரங்கள் ஆள் உயரத்தில் முக்கிக்கொண்டிருக்க, அது அவர் வீட்டுக் கூரையைத் தொட்டுவிட்டது. அவர் மனைவி அதன் நிழலில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு தைக்கிறார். மஞ்சள் பூ கொட்டுவதால் தைக்கிற துணியிலெல்லாம் பூவாம்.

நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று என்று அவர் சொன்னது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருப்பவனுக்குக் கணக்கு உறைக்காது.

உறைக்க வைத்தது நகராட்சி ஆய்வாளர் அம்மா. ஒரு திங்கட்கிழமை காலை, கையில் ஒரு அட்டையோடு வந்து, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து மரங்களை எண்ணினார். பிறகு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை எண்ணினார். ப்ளானோடு இணைத்த பட்டியலில் நாற்பத்திரண்டு மரம். தரையில் நாற்பத்தொன்று. பட்டியலில் உள்ள அத்தனை மரமும் உயிரோடு நின்றால்தான் தெருவை நகராட்சி ஏற்றுக்கொள்ளும், அது ப்ளானை அனுமதித்தபோதே போட்ட நிபந்தனை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நகராட்சி ஏற்காத தெருவில் விளக்குக் கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. குப்பை லாரி முனையோடு நின்றுவிடும். இரண்டு வருடமாக எல்லோரும் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு முனைவரை நடந்து அலுத்திருந்தார்கள். ஒரே ஒரு மரத்தால் இது இழுபடுகிறது என்றதும் தெரு கொதித்தது. பில்டர் ஆபீஸில் கேட்டால், நாற்பத்திரண்டு கன்று இறக்கியதற்குக் கையெழுத்து இருக்கிறது, எங்களை ஏன் கேட்கிறீர்கள், தோட்டக்காரரைக் கேளுங்கள் என்று கழன்றுகொண்டார்கள். தோட்டக்காரர் எதையும் மறைக்கவில்லை. ஒன்று என் வீட்டில் இருக்கிறது, இங்கே அதற்குக் குழி இல்லை, குழியைக் காட்டினால் கொண்டுவருகிறேன் என்றார். அவர் சொல்லிவிட்டு எடுத்துப்போன மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று மாலைக்குள் தோட்டக்காரர் கன்று திருடியவர் ஆகிவிட்டார்.

அன்று மாலைதான் என் வீட்டுக் காலிங் பெல் அடித்தது. அது வேலை செய்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாசலில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், அதாவது ஒன்பது. கையில் ப்ளானின் நகல். அவர் பின்னால் நான்கைந்து எண்கள். ப்ளான் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், நாற்பத்திரண்டாவது குழி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார்கள். உள்ளே கூப்பிட்டேன். இருந்தது இரண்டு நாற்காலி. மற்றவர்கள் சுவரோரமாக நின்றார்கள். இருந்த இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி டீ கொடுத்தேன்.

மறுநாளும் வந்தார்கள். நான் அதற்குள் ஆறு டம்ளரும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலியும் வாங்கி வைத்திருந்தேன். தாளைத் தரையில் விரித்து, ஸ்கேலை வைத்து அளந்து, இங்கே இருக்கலாமோ அங்கே இருக்கலாமோ என்று காட்டினேன். யாரைக் கேட்டாலும் தன் வாசலில் வேண்டாம் என்றார்கள். ஒருவருக்கு வேர் கழிவுக் குழாயை உடைக்கும் என்று பயம், ஒருவருக்குக் கார் திருப்ப இடம் வேண்டும். பதினாலு சொன்னதைப் பதினைந்து காதில் போட்டுக்கொள்ளாமல் கூரையைப் பார்த்தார். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, சிரித்து, சலித்து, எட்டு மணிவரை என் வீடு கலகலவென்று இருந்தது. அவர்கள் போன பிறகு நாற்காலிகளை அடுக்காமல் அப்படியே விட்டுவைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம், தனியாக இருந்தபோது, பழைய கோப்பைக் கணினியில் திறந்தேன். ஏன் முதலிலேயே திறக்கவில்லை என்றால், இரண்டு வருடமாக அதைத் திறக்கும் தைரியம் இல்லை, அவ்வளவுதான். அச்சிட்ட தாளில் எத்தனை முறை எண்ணினாலும் மரத்துக்கான வட்டம் நாற்பத்தொன்றுதான். ஆனால் பட்டியலை எழுதியது கணினி. வட்டங்களைக் கையால் எண்ணும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை, கணினியே எண்ணிப் பட்டியலில் போட்டுவிடும். எண்ணச் சொன்னேன். நாற்பத்திரண்டு என்றது.

ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் பிசகாமல் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும். கணினி அதை இரண்டு என்று எண்ணும். வரைபடம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தவறு இது, நான் மட்டும் செய்ததில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். ஒவ்வொரு வட்டமாக நகர்த்திப் பார்த்தேன். பதினெட்டாவது என் வீட்டு வாசலில் இருந்தது. நகர்த்தினேன். அடியில் இன்னொன்று இருந்தது.

அந்த மரங்களை நான் போட்டது ஆஸ்பத்திரியில். என் மனைவியின் கட்டிலுக்குக் குறுக்கே சாப்பாடு வைக்கிற பலகை ஒன்று உண்டு. அதில் மடிக்கணினியை வைத்து வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் ப்ளான் போயாக வேண்டும் என்று அலுவலகத்தில் பிடுங்கினார்கள். அவள் தலையணையில் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு வெறிச்சென்று இருந்தது, வீடும் ரோடும் மட்டும்.

"மொதல்ல நம்ம வீட்டுக்கு வைங்க," என்றாள்.

வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம். படுத்துக்கிட்டே பார்த்தா தெரியணும்."

நகர்த்தினேன். போதும் என்றாள். பிறகு தூங்கிவிட்டாள். அந்த ஒரு மரத்தைத் தொடக்கமாக வைத்து, எட்டு மீட்டருக்கு ஒன்று என்று இரண்டு பக்கமும் தெரு முழுக்க அடுக்கினேன். அடுக்கியதில் முதல் வட்டம் அவள் வட்டத்தின் மேலேயே விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. அவள் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டு வேலை செய்தவன் என்னத்தைக் கவனித்திருப்பேன். இந்தத் தெருவில் நிற்கிற அத்தனை மரமும் அவள் ஜன்னலிலிருந்து அளந்து வைத்தவை. அவள் அந்த ஜன்னலோரம் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

ஒரு வட்டத்தை அழித்துவிட்டுப் புதுப் பட்டியல் எடுத்துக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. தோட்டக்காரர் மேல் பழி இல்லை, அவர் மரம் அவர் வாசலில் நிற்கும். நான் அதைச் செய்யவில்லை. அவள் வைத்ததை அழிக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் மேலே விழுந்ததை அழித்துவிட்டு அவளுடையதை வைத்துக்கொண்டிருக்கலாமே. தொழிலில் பெயர் கெட்டுவிடும் என்றும் சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான், ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன். மாலை ஆறு மணி ஆனது. பெல் அடித்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்து, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது என்று சொன்னேன். இதுதான் மூன்றாவது காரணம், பெரிய காரணமும் இதுதான். குழி கிடைத்துவிட்டால் என் வீட்டுக்கு யார் வருவார்கள்.

காலையில் தோட்டக்காரர் வந்தார். கேட்டருகே நின்று டீ குடித்தார். குழி தெரிந்ததா சார் என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள், வீட்டில் பயந்துபோய்க் கிடக்கிறார்கள் என்றார். சரி என்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். தினமும் இதே பேச்சுதான் நடந்தது, தினமும் நான் சரி என்றேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை மாலை ஒன்பதுக்குப் பொறுமை போய்விட்டது. குழி கிடைக்கிறதோ இல்லையோ, தோட்டக்காரர் அந்த மரத்தைக் கொண்டுவந்தாக வேண்டும், எங்காவது ஓரிடத்தில் வைத்துக் கணக்கைச் சரிசெய்துவிடலாம் என்றார். கொண்டுவராவிட்டால் பக்கத்தில் எழும்புகிற புதுக் குடியிருப்பில் அவருக்கு வேலை கிடையாது என்று பில்டர் ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இருபத்திமூணு முன்னால வச்சிடலாமே," என்றார் ஒன்பது. "அவருக்குக் கார் இல்ல, வந்து போற ஆளும் இல்ல. யாருக்கும் இடைஞ்சல் இருக்காது."

மனதில் விஷம் வைத்துச் சொல்லவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டு, ஒரு வசதியைச் சொல்வது மாதிரிதான் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். வரும் ஞாயிறு காலை கூட்டம், அதற்குள் தோட்டக்காரருக்குத் தகவல் சொல்லிவிடுவது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நானும் முடிவு செய்தேன். அதுவரை இன்னும் மூன்று மாலை இருந்தது.

வியாழன், வெள்ளி, சனி, மூன்று காலையும் தோட்டக்காரர் வரவில்லை. கோபத்தில் வேலையை விட்டுவிட்டார் போலிருக்கிறது, அப்படியானால் மரத்தைக் கொண்டுவர மாட்டார், நல்லதுதான் என்று நினைத்தேன். கூரை உயர மரத்தை வேரோடு எடுக்க மூன்று நாள் ஆகும் என்பது எனக்குத் தோன்றவில்லை. வட்டம் போடுகிறவனுக்கு அது எப்படித் தோன்றும்.

ஞாயிறு காலை, கூட்டத்துக்கு ஒவ்வொருவராக என் வாசலில் சேர்ந்துகொண்டிருந்தபோது, தெருமுனையில் ஒரு கைவண்டி திரும்பியது. முன்னால் தோட்டக்காரர் இழுத்தார், பின்னால் அவர் மைத்துனர் தள்ளினார். மரத்தைப் படுக்கப் போட்டு, வேர்மண்ணை ஈரச் சாக்கில் கட்டியிருந்தார்கள். கிளைகளில் பாதியை வெட்டியிருந்தார்கள். மிச்சமிருந்த இலைகள் தொங்கிப்போயிருந்தன. வண்டி ஆடும்போதெல்லாம் ரோட்டில் மஞ்சள் பூ உதிர்ந்தது. என் வாசலில் நிறுத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்பதைப் பார்த்து, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார். என்னைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் என் வாய் திறந்தது.

"நாற்பத்திரண்டாவது மரம்னு ஒண்ணு கெடையாது," என்றேன். "நான்தான் தப்பாப் போட்டுட்டேன். ஒரே எடத்துல ரெண்டு வட்டம் விழுந்திருக்கு. குழியெல்லாம் சரியாத்தான் இருக்கு. அவர் எதையும் எடுக்கல."

ஒன்பது, அப்படியானால் ப்ளானைத் திருத்திக் கொடுத்தால் போதுமா, மரமே வேண்டாமா என்று கேட்டார். போதும் என்றேன். நல்லதாகப் போயிற்று, மரத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம் என்றார் அவர். தோட்டக்காரர், மரத்தை என்ன நாற்காலி என்று நினைத்தீர்களா என்று கேட்டார். ஆணிவேரை வெட்டியாயிற்று, இன்னொரு தடவை வண்டியில் ஏற்றினால் வீடு போய்ச் சேராது என்றார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"எப்பத் தெரிஞ்சுது சார்?"

"பதினோரு நாள் ஆச்சு."

அவர் விரல்விட்டு எண்ணவில்லை, ஆனால் எண்ணுகிறார் என்று தெரிந்தது.

"தெனமும் காலைல எங்கூட நின்னு டீ குடிச்சீங்களே சார்," என்றார்.

காது கூசத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்து, என் வாசல் மரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டத் தொடங்கினார். கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நான் மண்ணை அள்ளிப்போட மண்வெட்டியை எடுத்தேன். அவர் மைத்துனர் மரியாதையாக அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மரத்தை நிறுத்தி, மண் தள்ளி, மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்துக் கட்டி, வண்டித் தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டுப் போனார்கள். நான் கொண்டுவந்த டீ கேட் சுவர் மேலேயே இருந்தது.

மறுநாள் தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு ஒருவர் வந்தார். பழையவர் தானாகக் கேட்டுப் புதுக் குடியிருப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்றார்.

ப்ளானைத் திருத்துவது ஒன்பது நிமிட வேலை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். மேலே விழுந்த வட்டத்தை அழித்தேன், அவள் வைத்ததை விட்டேன். பட்டியல் நாற்பத்தொன்று ஆனது. ஆய்வாளர் அம்மா வந்து எண்ணினார், என் வாசலில் கூடுதலாக ஒரு மொட்டை மரம் நிற்பதைப் பார்த்து, இது எந்தக் கணக்கில் வருகிறது என்றார். எந்தக் கணக்கிலும் வராது என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே தெருவிளக்கு எரிந்தது. குப்பை லாரி வாசல்வரை வந்தது. முனைவரை நடக்க வேண்டிய அவசியம் போனதால் ஆட்கள் தெருவில் தென்படுவதும் குறைந்தது. என் வீட்டு பெல் பழையபடி ஆனது. டம்ளர்களைக் கழுவி, வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே போட்டு மேலே வைத்தேன்.

மரத்தை நட்டபின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கடையில் அதே வகை மரத்தில் ஒரு கன்று வாங்கிக்கொண்டு, விலாசம் விசாரித்துத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சின்ன வீடு. வாசலில் தையல் மெஷின் வெயிலில் இருந்தது, மேலே ஒரு துணியைக் கயிற்றில் கட்டித் தற்காலிகமாக நிழல் பண்ணியிருந்தார்கள். அதன் பக்கத்தில் குழி. மூடவில்லை. ஓரங்கள் ஒழுங்காக, உள்ளே மண் ஈரமாக இருந்தது. யாரோ தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

தோட்டக்காரர் உள்ளே கதவருகே தரையில் உட்கார்ந்து, கிழிந்த தண்ணீர்க் குழாயை ரப்பர் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். அவர் மனைவிதான் வந்து, மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலை எனக்குப் போட்டார். நான் கன்றை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வேற மரம் வேணாண்ணா," என்றார். "அது பொழைச்சிருச்சுன்னா அடுத்த வருஷம் திரும்ப எடுத்துட்டு வந்துடலாம்னு இவர் சொல்லியிருக்காரு. அதுக்குத்தான் எடம் வச்சிருக்கோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பற்றிக் கேட்பது மாதிரி கேட்டார். "எப்படிண்ணா இருக்கு அது?"

நான் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலி இடத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"பச்சை இருக்கும்மா," என்றேன்.

அன்றைக்கு அது உண்மை. காலையில்தான் சுரண்டிப் பார்த்திருந்தேன். அவர் முகம் தெளிந்தது. டீ போட்டுக் கொடுத்தார். மரம் எப்படி வளர்ந்தது, எந்தக் கிளை முதலில் விட்டது, பூ கொட்டித் தைக்க முடியாமல் போன கதை எல்லாம் சொன்னார். என் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. கிளம்பும்போது, போயிட்டு வாங்கண்ணா, வந்து சொல்லுங்க என்றார். கன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அது இன்னும் என் வீட்டுக் குழாயடியில் பையோடுதான் இருக்கிறது.

இரண்டாவது ஞாயிறு மரத்தில் ஒரு இலைகூட இல்லை. உச்சியில் சுரண்டினால் காய்ந்திருந்தது, இடுப்பளவில் சுரண்டினால் மங்கலாகப் பச்சை தெரிந்தது. பச்சை இருக்கிறது என்று போய்ச் சொன்னேன். இடுப்பளவில் என்பதைச் சொல்லவில்லை. அவர் உள்ளே திரும்பி, கேட்டீங்களா என்று கணவரிடம் சொன்னார். குனிந்திருந்த தலை நிமிரவில்லை.

மூன்றாவது ஞாயிறு காலை உச்சியில் பார்த்தேன், நடுவில் பார்த்தேன், முட்டிபோட்டு உட்கார்ந்து மண்ணை ஒட்டிப் பார்த்தேன். எங்கும் மரத்தூள் நிறம்தான். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன், பார்க்க யாரும் இல்லை. போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் வேறு என்ன இருந்தது. பத்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஸ்டூல் எனக்காகத் தயாராகப் போட்டிருந்தது. குழியில் ஈரம் இருந்தது. எப்படி இருக்கிறது என்று தோட்டக்காரர் மனைவி கேட்டார்.

"பச்சை இருக்கும்மா," என்றேன்.

உள்ளே தோட்டக்காரர் நிமிர்ந்தார். அன்றைக்குத்தான் அவர் என்னை உற்றுப் பார்த்தார், முகத்தை அல்ல. டம்ளரைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் காய்ந்த பட்டையின் தூள் பழுப்பாக ஒட்டியிருந்தது. விரலை மடக்கிக்கொண்டேன். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் மனைவி போன வாரம் விட்ட கதையைத் தொடர்ந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காவது ஞாயிறு போனபோது குழி இல்லை. மண்ணைப் போட்டு மூடி, மட்டமாகத் தட்டி, தையல் மெஷினை அதன் மேலேயே நகர்த்திப் போட்டிருந்தார்கள். தோட்டக்காரர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார், டீ கொடுத்தார், அவசரத் துணி ஒன்று இருக்கிறது என்று மெஷினில் உட்கார்ந்தார். அது எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மெஷின் ஓடுகிற சத்தத்தில் டீயைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவி வைக்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். எழுந்தேன்.

ஒவ்வொரு தடவையும் போயிட்டு வாங்கண்ணா என்பார். அன்றைக்கு மெஷினை நிறுத்தி, என்னை ஒரு முறை பார்த்து, "பார்த்துப் போங்கண்ணா," என்றார்.